பதினோராம் விதியில் ஒரு மெய்யெழுத்து

ஜூன் 2, செவ்வாய்

மகா கனம் பொருந்திய அக்காவுக்கு,

இதனால் சகல பரிசுத்தவான்களுக்கும், அவ்வளவாகப் பரிசுத்தமில்லாத உனக்கும் அறிவிப்பது யாதெனில்: நம் கோயிலில் இரண்டாம் வரிசைக்கு மேலே, பிரசங்கத்தைவிடச் சத்தமாக முனகிக்கொண்டிருந்த மின்விசிறி, கடந்த சனிக்கிழமை முதல் மௌன விரதம் பூண்டுவிட்டது. சரிசெய்தது உன் அருமைத் தம்பி. இப்போது பிரசங்கம் முழுதாகக் கேட்கிறது என்று இரண்டாம் வரிசைக்காரர்கள் என்மேல் வருத்தமாக இருக்கிறார்கள்.

அம்மாவுக்குத் தையல் பிரித்தாயிற்று. எடுத்த கட்டி கெட்டதில்லை என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். அம்மா அந்தக் காகிதத்தை வேதாகமத்துக்குள் வைத்து, தினமும் அதையும் சேர்த்துத்தான் வாசிக்கிறாள். வாசல் கேட்டு வரை நடக்கிறாள். என்னைத் திட்டிக்கொண்டே நடக்கிறாள், அதனால் முழுக்கக் குணமாகிவிட்டாள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

28ஆம் தேதி ஞாயிறு அம்மாவுக்காக நன்றி ஆராதனை. அன்றைய வேதபாடம் ஒரு சங்கீதம். "அதைப் பெரியவ வந்து வாசிக்கட்டும்" என்றாள் அம்மா. அப்பா, சர்க்கரை கரைந்து வெகுநேரம் ஆன தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

புதுப் போதகர் சபை விதிப் புத்தகத்தைத் திரும்ப அச்சடிக்கச் சொல்லிவிட்டார். பழையதைக் கரையான் தின்றுவிட்டது. பதினோராம் விதியை மட்டும் தொடவில்லை. கரையானுக்கும் நாக்கு இருக்கிறதே. தட்டச்சு செய்தது நான். மேற்பார்வை சபைச் செயலாளர், அதாவது நம் அப்பா.

வருவாய்தானே?

உன்
வாலு


ஜூன் 8, திங்கள்

அன்பு வாலு,

அம்மாவின் காகிதத்தைப் பற்றி நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். ஸ்டேஷன் அறிவிப்பு அறையில் அழக்கூடாது, ஒலிவாங்கி திறந்திருக்கும். அழுதேன். நல்ல வேளை, மூடியிருந்தது. இத்தனை நாள் கூட இருந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டாயே, அதற்கு உனக்கு என்ன செய்வேன்?

பதினோராவதை நானும் மறக்கவில்லை. 'வேதபாடம் வாசிக்கும் பொறுப்பு சபையின் ஆண்களுக்கு உரியது.' மூன்று வருஷத்துக்கு முன்னால், வாசிக்க வேண்டியவர் வரவில்லையே என்று நான் எழுந்து மேடை வரை போய்விட்டேன். அப்பா அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று அந்த விதியைச் சொன்னார். எனக்கு 'அப்பா' என்று சொல்ல வாய் வரவில்லை. "சரிங்க செயலாளர்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அதற்கப்புறம் அப்படித்தான் அவரைக் கூப்பிடுகிறேன், கூப்பிட நேர்ந்தால்.

ரயில் நிலையத்தில் ஒரு நாளைக்குப் பல்லாயிரம் பேர் என் குரலைக் கேட்டு வண்டி ஏறுகிறார்கள். ஒருவரும் வழி தவறியதில்லை.

திங்கட்கிழமை வந்து அம்மாவைப் பார்க்கிறேன். ஞாயிறு வேண்டாம்.

அக்கா


ஜூன் 15, திங்கள்

நடைமேடை கிடைத்தும் மேடை கிடைக்காத அக்காவுக்கு,

இனி மேடையும் உனக்கே. உட்கார்ந்து படி.

புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. முந்தின வாரம் கமிட்டி புரட்டிக்கூடப் பார்க்காமல் கை தூக்கி ஏற்றுக்கொண்டதும் ஆயிற்று. பதினோராம் விதி இப்போது என்ன சொல்கிறது தெரியுமா? 'வேதபாடம் வாசிக்கும் பொறுப்பு சபையின் ஆட்களுக்கு உரியது.' ஆண்கள் போய் ஆட்கள்! நீ ஆணில்லை, ஆனால் ஆள்தானே?

கோயில் கதவில் கண்டன அறிக்கையை ஆணி அடித்துச் சபையைத் திருத்தியவர்கள் உண்டு. உன் தம்பி ஒரே ஒரு விசையை அடித்தான். மெய்யெழுத்தை மாற்றினேன், மெய் வெளியே வந்தது. எல்லாம் திட்டம் போட்டுச் செய்தது.

நேற்று இதைக் கண்டுபிடித்தவர், லென்ஸ் வைத்துப் படிக்கிற மூப்பர், நாம் 'பூதக்கண்ணாடி' என்போமே, அவர்தான். அச்சுப்பிழை, மேலே சீட்டு ஒட்டணும் என்றார். போதகர், ஏற்றுக்கொண்டது ஏற்றுக்கொண்டதுதான் என்றார். அரைமணி நேரம் இரண்டு பக்கமும் வசனங்கள் பறந்தன. அப்பா மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முடிவில்லாமல் கலைந்தார்கள். சீட்டு ஒட்டும்வரை விதி நம் பக்கம்.

28ஆம் தேதி வந்து வாசி. என் சிலையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சீர்திருத்தச் செம்மல்
வாலு


ஜூன் 19, வெள்ளி

டேய்,

சிரித்தேன், மறுக்கவில்லை. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

அச்சுப்பிழையில் திறந்த கதவு வழியாக நான் நுழைய மாட்டேன். இன்று ஓர் எழுத்தில் திறந்தது நாளை ஒரு சீட்டில் மூடும். பெண்ணும் வாசிக்கலாம் என்று அவர்கள் நினைத்தால் வாயைத் திறந்து சொல்லட்டும், பகலில், எல்லார் முன்னாலும். என்னை இறக்கிவிட்டதும் அப்படித்தானே?

இன்னொன்று. அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து இருக்கும். அவரோடு எனக்குச் சண்டை உண்டு, ஆனால் நாற்பது பேர் முன்னால் அவர் ஏமாந்தவராக நிற்பதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. நீயே போய் அவரிடம் சொல்.

அம்மா போனில் இரண்டாம் தடவையும் கேட்டுவிட்டாள். ஞாயிறே வருகிறேன். கடைசி வரிசையில் உட்காருவேன். வாசிக்க மாட்டேன்.

அக்கா


ஜூன் 30, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று ஸ்டேஷனில் என் தலையைப் பிடித்து, "எல்லாம் உன்னாலதாண்டா" என்றாய். நானும் ராஜா மாதிரி தலையை ஆட்டிக்கொண்டேன். அந்த நன்றியைத் திருப்பி அனுப்பத்தான் இந்தக் கடிதம். அது விலாசம் மாறி வந்துவிட்டது.

ஞாயிறன்று அப்பா எழுந்து நின்றதும் நீ தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாய், அதனால் பாதியை நீ பார்க்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் நின்ற அதே இடம். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் இன்னும் வலிக்கிறது.

அப்பா சொன்னார்: "பதினோராம் விதியில ஆட்கள்னு இருக்கு. அது பிழைன்னு தெரிஞ்சுதான் விட்டேன். மூணு வருஷம் முன்னாடி விதியைச் சரியாப் படிச்சேன், பிள்ளையைச் சரியாப் படிக்கல. சபைக்குச் சம்மதம்னா கை தூக்குங்க."

முதல் கை அம்மாவுடையது, தையல் பக்கத்துக் கை. பிறகு எண்ண முடியவில்லை. ஏழெட்டுப் பேர் தூக்கவில்லை. பூதக்கண்ணாடி கையைத் தூக்கினார், லென்ஸோடு. நீ வாசித்து முடித்ததும் என்னிடம், "ரயில் சத்தத்துலயே கேட்கிற குரல், எனக்குக் கேட்காதா" என்றார்.

வாசித்து இறங்கி வந்து நீ கேட்டாயே, "சரியா வாசிச்சேனாப்பா?" என்று. "நடுவுல கொஞ்சம் வேகமாப் போயிட்ட" என்றாரே தவிர, அந்த 'அப்பா'வைக் கேட்டதிலிருந்து மனிதர் வீட்டில் பாட்டு முணுமுணுக்கிறார். சுருதி சேரவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

இப்போது என் விஷயம். நீ சொன்னபடி 21ஆம் தேதியே அவரிடம் போய், வேணும்னேதான் மாத்தினேன் என்றேன். "வேணும்னேயா? உனக்கா?" என்று சிரித்துவிட்டு, அலமாரியிலிருந்து, தானே பிழை திருத்தி அச்சகத்துக்குக் கொடுத்திருந்த புரூஃப் தாளை எடுத்துப் போட்டார். அதைத்தான் உள்ளே வைத்திருக்கிறேன். பச்சை மையெல்லாம் அப்பா. மொத்தம் நாற்பத்தொரு பிழை. விசைப்பலகையில் ட-வும் ண-வும் பக்கத்துப் பக்கத்து வீடு. என் விரலுக்கு எந்த வீடு என்று தெரியவில்லை. மூன்று இடத்தில் ஆண்டவரையே 'ஆட்டவர்' ஆக்கியிருக்கிறேன். பதினோராம் விதியும் அதே கதைதான். பூதக்கண்ணாடி சொல்லும்வரை எனக்கே தெரியாது.

அந்த வரியை மட்டும் பார். ட்-ஐச் சுழித்து ஓரத்தில் ண் போட்டிருக்கிறார். பிறகு அந்த ண்-ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் ஒரு வார்த்தை: 'இருக்கட்டும்.' கீழே தேதி, ஜூன் 2. அம்மா உன்னை வாசிக்கச் சொன்ன அன்று.

ஆகவே திட்டம் இல்லை, சீர்திருத்தச் செம்மல் இல்லை, சிலையும் வேண்டாம். தப்புச் செய்தது நான். அதைத் திருத்தாமல் விட்டது அவர். அவருக்கு எழுது.

சொல்வது என்று ஆனபிறகு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த மின்விசிறியைச் சரிசெய்ததும் எலக்ட்ரீஷியன்தான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கையால்.

உன்
வாலு