வரப்பில் தூக்கிய கால்

நீ மோட்டார் சரிசெய்யப் போன இடத்தில் சாகவில்லை. பன்றி வேட்டைக்குப் போனாய். பன்றிக்குக் கட்டிய மின்கம்பியில் செத்தாய். உன் அம்மாவிடம் மோட்டார் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்.

இன்று காலை பட்டறையில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். வார்னிஷ் வாசனைக்கு நடுவில் போன் ஒலித்தது. நம்மை வேட்டைக்குக் கூட்டிப்போன ஆள் தன் வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்பியிருந்தார். "ஏனுங்க, எல்லாரும் சௌக்கியமுங்களா? வர்ற ஞாயித்துக்கெழம விடியக்காலம் போறமுங்க. ஈரோட்டுல இருந்து மூணு பேரு வாராங்க. இன்னும் ரெண்டு பேருக்கு எடம் இருக்குதுங்க."

உன் எண் இன்னும் அந்தக் குழுவில்தான் இருக்கிறது. உனக்கும் சேர்த்துத்தான் அந்த அழைப்பு.

"நல்ல ஆளாப் பாத்துத்தான் போகோணும் மாப்ளே" என்று சொன்னவன் நீ. வேட்டை குற்றம் என்பது இருவருக்கும் தெரியும். குற்றத்துக்கும் நம்பகமான ஆள் தேடினோம். முதலில் மலையடிவாரத்து டீக்கடையில் ரங்கனைப் பார்த்தோம். இருளர். கால்தடத்தைப் பார்த்தே எத்தனை பன்றி என்று சொல்லிவிடுவார் என்றார்கள். நாம் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி டம்ளரில் குடித்தோம். அவர் வெளியே நின்று பேப்பர் கப்பில் குடித்தார். உட்காரச் சொல்ல நமக்குத் தோன்றவில்லை.

"மக்காச்சோளம் பால் புடிச்சிருக்குதுங்க. தோட்டத்துக்குத் தோட்டம் கம்பி கட்டியிருப்பாங்க. அறுப்பு முடியட்டும், பாக்கலாமுங்க."

"நாங்க ரெண்டு பேரு கூட வாறமல்ல, என்னுங்க பயம்?" என்றாய்.

"மாட்டுனா உங்களுக்கு வக்கீலு வருவாருங்க. எனக்கு யாருங்க வருவா?"

திரும்பும் வழியெல்லாம் "பயந்தாங்கொள்ளி" என்று வண்டியில் சிரித்துக்கொண்டே வந்தாய். நானும் சிரித்தேன். நம் பக்கத்தில் "பாக்கலாமுங்க" என்றால் "முடியாது" என்று பொருள். உனக்குப் பெண் கேட்டுப்போன வீட்டில் அப்படிச் சொன்னபோது உடனே புரிந்துகொண்டு எழுந்து வந்தோம். ரங்கன் சொன்னபோது மட்டும் புரியவில்லை.

அடுத்த வாரம் அன்னூர்ப் பக்கத்து ஆள், இன்று குழுவில் பேசியவர், கிடைத்தார். எந்தக் காடு தெரியும், எந்தத் தோட்டத்தில் கம்பி என்று அவரிடம் கேட்கவில்லை. "என்ன கூட்டமுங்க?" என்று கேட்டோம். அந்த ஒரு கேள்வியில் சாதி, குலம், குலதெய்வம் எல்லாம் வெளியே வந்துவிடும். கேட்டது நான்தான். அவர் உன் கூட்டம். "அட, நம்ம பங்காளியாப் போயிட்டீங்க!" என்று உன் தோளில் தட்டினார். அத்தோடு விசாரணை முடிந்தது. ஒரு சொல்லுக்கு இரண்டு 'ங்க' போடுகிறவர் நல்லவராகத்தான் இருப்பார் என்று வண்டியைக் கிளப்பினோம்.

அன்று விடியலில் பனி இறங்கியிருந்தது. புல் நனைந்து கிடந்தது. சோளத்தட்டு அசையவே இல்லை. "ஏனுங்ணா, கம்பி கிம்பி இருக்குங்களா?" என்று கேட்டாய்.

"நம்மாளுங்க தோட்டமுங்க பங்காளி. என்னயக் கேக்காம எவன் கட்டுவான்?"

உன் கை சட்டைப்பையில் இருந்த டெஸ்டரைத் தொட்டது. பியூஸைப் பிடுங்கிய பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் நீ ஒரு கம்பியைத் தொட்டதில்லை. "கம்பி பேசாது மாப்ளே, டெஸ்டர்தான் பேசும்" என்பாய். நான்தான், "வா மாப்ளே, அவரே முன்னால போறாரு" என்றேன். கையை எடுத்துவிட்டாய்.

நீ விழுந்ததும் அவர் உன்னிடம் வரவில்லை. சோளத்துக்குள் புகுந்து நேராக மோட்டார் அறைக்கு ஓடிப் பியூஸைப் பிடுங்கினார். நல்ல சமயோசிதம் என்று அப்போது நினைத்தேன். வெயில் ஏறுவதற்குள் அவரும் தோட்டத்துச் சொந்தக்காரரும் பேசி முடித்திருந்தார்கள். "எலக்ட்ரீசியன்தானுங்க. மோட்டாரு ஷாக்குன்னு சொன்னா நம்பிக்குவாங்க. ஒருத்தரு பேரும் கெடாது." உன் தொழிலையே பொய்ச்சாட்சி ஆக்கினார்கள். நான் தலையாட்டினேன்.

அதன்பிறகு பட்டறையில், பஸ்ஸில், சாப்பிடும்போது ஒரே காட்சி வருகிறது. அவர் முன்னால், நடுவில் நீ, கடைசியில் நான். கல் இல்லை, வாய்க்கால் இல்லை, வெறும் புல் மூடிய வரப்பு. அந்த இடத்தில் அவர் வலது காலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். பிறகு இடது காலையும் அப்படியே. ஒன்றும் சொல்லவில்லை. நீ சாதாரணமாக நடந்தாய்.

உன் டெஸ்டர் இப்போது என் சட்டைப்பையில். இன்று சாயங்காலம் உன் அம்மாவிடம் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால், ஈரோட்டுக்காரர்களும் படிக்கட்டும் என்று நீ செத்த விதத்தைக் குழுவில் எழுதினேன். கடைசியில் அவரிடம் ஒன்று கேட்டேன். அவர் தட்டச்சு செய்வதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றது. மதியமாகிவிட்டது. மறுபடி அதையே அனுப்புகிறேன்.

"அந்த வரப்புல எதுக்குங்க காலத் தூக்கி வெச்சீங்க? பதில் சொல்லுங்க."