தலைக்குக் குளிக்காத விரதம்

ஜனவரி 12

பொறியியல் கல்லூரியில் பொருள் வலிமைப் பாடத்தில் இரண்டாம் முறையும் போச்சு. வாய்மொழித் தேர்வு. மேசையில் கவிழ்த்து வைத்திருந்த கேள்விச் சீட்டுகளில் ஒன்றை எடுத்தேன்; தெரிந்த கேள்விதான். ஆனாலும் வாய் திறக்கவில்லை. "ஜில்டிஸ், தூங்கிட்டியாம்மா?" என்றார் பேராசிரியர் சாபிரோவ். அடுத்தது கடைசி வாய்ப்பு, மூன்று பேராசிரியர்கள் குழுவின் முன்னால். அதிலும் கோட்டை விட்டால் கல்லூரியிலிருந்தே நீக்கிவிடுவார்கள்.

சொந்த ஊரான நாரினில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு, "அஞ்சுக்கு நாலும்மா, பாஸ்" என்று அளந்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜனவரி 15

மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொல்கிறது கல்லூரி அலுவலகம். எனக்கென்ன பைத்தியமா? "பைத்தியமோ இல்லையோ, அந்த ரூம்ல ஹீட்டர் வேலை செய்யுது, போடி" என்றாள் அறைத்தோழி உல்கான்.

போனேன். ஆலோசகர் பெரிசாத் ஜாம் போட்டு டீ கொடுத்தார். எவ்வளவு நேரம் தூங்குகிறாய் என்று கேட்டார். மூன்று மணி நேரம் என்றதும் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

ஜனவரி 19

நன்றாகத் தூங்கினேன். வகுப்பில்தான்.

ஜனவரி 27

தேர்வுக்கு முன் தலைக்குக் குளித்தால் படித்ததெல்லாம் தண்ணீரோடு போய்விடும். பிஷ்கெக்கில் எந்த மாணவரைக் கேட்டாலும் சொல்வார். அதனால் ஒரு வாரமாக விரதம். உல்கான் மூக்கைப் பொத்திக்கொண்டாள்: "உன் தலை எண்ணெயில பூர்சோக் ரொட்டியே பொரிக்கலாம்டி. ரெண்டு தடவையும் குளிக்காமப் போயி என்னத்தக் கிழிச்ச?"

ஷாம்புவைத் தேட ஆரம்பித்தேன்.

ஜனவரி 28

குளித்தாயிற்று. அதிர்ஷ்டம் சாக்கடையில்.

ஜனவரி 29

சீட்டை எடுத்தேன். எதிரே மூவர். பழையபடி வாய் அடைத்தது. இந்தத் தடவை நம்பிக்கொள்ள அழுக்குத் தலைகூட இல்லை — நானேதான் ஏதாவது செய்தாக வேண்டும்.

"சார், பதில் தெரியும். பயத்துல பேச்சு வரல. படம் வரைஞ்சு ஆரம்பிக்கட்டுமா?"

சாபிரோவ் சாக்பீஸை நீட்டினார். "இத மொத தடவையே கேட்டிருக்கலாமேம்மா."

உத்திரத்தை வரைந்தேன், அம்புக்குறி போட்டேன். கை ஓட ஓட வாயும் ஓடியது. மூன்று மதிப்பெண். பாஸ்.

பொய் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே என்றுதான் நினைத்தேன். மனசு கேட்கவில்லை. சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"நாலு இல்லம்மா. ரெண்டு தடவை பெயில். ராத்திரியெல்லாம் தூக்கமே வரல. இன்னைக்குத்தான் மூணு வாங்கி பாஸ்."

"தெரியும்."

"எப்படி?"

"நாலு வாங்கியிருந்தா நீ போனை வெக்கவே விட மாட்டியே. அன்னைக்கு ஒரே நிமிஷத்துல வெச்சுட்ட. அன்னையிலேர்ந்து எனக்கும் தூக்கம் இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சரி, அழாத. இனிமே பெயிலானா மொதல்ல எனக்குச் சொல்லு. ரெண்டு பேரும் சேர்ந்தே தூங்காம இருப்போம்."