வேர் காய்ந்ததாகச் சொன்னேன்

மார்ச் 7

தொட்டியில் குட்டையாக வளர்க்கும் லைலாக் பூமரத்தின் மொட்டுகள் உப்பியிருக்கின்றன, இன்னும் விரியவில்லை. தொட்டி மாற்ற இதுதான் சமயம். நாளைக்கே எல்லாருக்கும் முன்னால் செய்து காட்டுகிறேன் என்று போன்சாய் சங்கச் செயலாளரிடம் சொல்லிவிட்டேன். புது நீலத் தொட்டியைப் பார்த்து மனைவி, "தட்டு மாதிரி இருக்கே, வேரெல்லாம் இதுல அடங்குமா?" என்றாள். அடங்கும் என்றேன்.

மார்ச் 8

அடங்கவில்லை.

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேரை வெட்டக் கூடாது என்று சங்கத்தாருக்கு நானே சொல்லிவிட்டு, பாதிக்கு மேல் வெட்டினேன். அத்தனை பேர் பார்க்கும்போது தொட்டி சிறிது என்று எப்படிச் சொல்வது? அடியிலிருந்த தடித்த வேரை எடுத்தபோது சல்லிவேர்க் கொத்து முழுக்க அதோடு வந்துவிட்டது. நான் தொட்டியின் அடித்துளைகளுக்கு வலை வைத்துக்கொண்டிருந்த நேரம் மனைவி மிச்ச வேரை ஈரச் சாக்கால் மூடிப் பிடித்திருந்தாள். கம்பியால் கட்டி, மண் போட்டு, குச்சியால் குத்தி நிரப்பினேன். கை தட்டினார்கள்.

மார்ச் 29

விரிந்த இலைகள் தொங்கிவிட்டன.

ஏப்ரல் 5

செயலாளரும் இன்னும் இருவரும் மரத்தைப் பார்க்க வந்தார்கள். ஒரு பக்கம் முழுக்கக் கருகிக் கிடக்கிறது.

"என்ன சார் ஆச்சு?" என்றார் செயலாளர். மனைவி தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இவளை ஈரச் சாக்கு போட்டு மூடச் சொன்னேன். பராக்கு பாத்துட்டு விட்டுட்டா. வேர் காஞ்சுபோச்சு."

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"மூடின ஞாபகம்தான்... சரியா மூடலையோ என்னவோ," என்றாள்.

மூடினாள். நான் பார்த்தேன்.

ஏப்ரல் 6

காலையில் எழுந்து பார்த்தால் அவள் பால்கனியில். மரத்துக்கு நீர் தெளித்துக்கொண்டிருக்கிறாள். "பொழச்சிக்கும்ல?" என்று கேட்கிறாள். என்னிடம்.

ஏப்ரல் 9

இன்றும் தெளித்தாள். மரத்திடம் ஏதோ முணுமுணுத்தாள். மன்னிப்புக் கேட்கிறாளோ? சீ, என்ன மனுஷன்டா நீ. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன, முத்தா உதிர்ந்துடும்?

என் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருவருக்கு வலது கண்ணின் வில்லையை இடதில் பொருத்திக் கொடுத்துவிட்டேன். "மன்னிச்சிடுங்க, என் தப்புதான்" என்று உடனே சொன்னேன். முன்பின் தெரியாதவரிடம் எவ்வளவு சுலபமாக வருகிறது.

ஏப்ரல் 12

சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். வேரை அதிகம் வெட்டியது நான், மனைவி மேல் பழி போட்டது பொய். யாரோ இருமினார்கள். "விடுங்க சார், எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றார் செயலாளர். பாரம் இறங்கினாற்போல வீடு வந்தேன்.

அவளிடம் சொல்லவில்லை. சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று—

ஏப்ரல் 13

செயலாளரின் மனைவி இவளிடம் போனில் சொல்லிவிட்டாராம். நான் கடையிலிருந்து வந்ததும் வாசலிலேயே கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. என்கிட்ட சொல்ல மட்டும் வாய் வரலையா?"

செருப்பைக் கழற்றாமல் நின்றேன்.

"ஒரு வாரமா நான் சரியாத் தூங்கல. மரத்தைக் கொன்னுட்டேனேன்னு."

"தப்புதான்," என்றேன்.

"எது?"

ஒன்றுவிடாமல் சொன்னேன். தொட்டி, வேர், கைதட்டல், பொய். சொல்லி முடிக்கும்வரை அவள் வழி விடவில்லை. முடித்ததும் உள்ளே போய்விட்டாள்.

மே 24

பட்ட கிளைகளை வெட்டி எடுத்தேன். மறுபக்கம் துளிர் பிடித்திருக்கிறது. இந்த வருடம் பூ கிடையாது. நீர் தெளிப்பது இப்போது நான்தான். அவள் பால்கனிப் பக்கமே வருவதில்லை. பேசுகிறாள். சிரிக்கவும் செய்கிறாள், டிவியைப் பார்த்து.

ஜூன் 7

அடுத்த ஞாயிறு சங்கத்தில் மறுபடி என்னைப் பேசச் சொல்கிறார்கள். வெட்டிக் கெடுத்த கதையை, மரத்தையும் கொண்டுவந்து வைத்துச் சொல்ல வேண்டுமாம்.

"போறீங்களா?" என்றாள்.

"நீயும் கூட வந்தா, உதவிக்கு..." என்று இழுத்தேன்.

"உதவிக்கெல்லாம் வரமாட்டேன். முன் வரிசையில உக்காந்து கேக்கறேன்."

சரி என்றேன்.