கிரகணத்தன்று குளிப்பாட்டிய குட்டி

கல்லிடைக்குறிச்சி
8.11.95

சௌ. ஸ்ரீலக்ஷ்மிக்கு,

இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று பட்டதால் எழுதுகிறேன். பெயருக்கு முன்னால் கல்யாணமானவளுக்கு உரிய அந்த ஓர் எழுத்தைப் போடக் கை கூசியது, போடாமல் விடவும் மனசு வரவில்லை. இங்கே உன் அம்மாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், ஜாம்ஷெட்பூரில் நீயும் அப்படியே இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். போன வாரம் நீ அம்மாவுக்கு எழுதின கடிதத்தைப் படித்தேன். அது எனக்கு எழுதியது இல்லைதான், ஆனால் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிற கடிதத்தைப் படிக்காமல் இருக்க நான் ஒன்றும் ரிஷி இல்லை. தை மாதம் உன் வீட்டுக்காரரோடு வரலாம் என்று இருந்தாயாம், ஒரு பூனைக்குட்டியையே அப்பா கொல்லப் பார்த்தார் என்றால் இவரை எந்த தைரியத்தில் அழைத்து வருவது என்று கேட்டிருக்கிறாய். இதை உனக்கு யார் சொன்னது என்று எனக்குத் தெரியும். நடந்ததை நடந்தபடி நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதன் பிறகு வருவதும் வராததும் உன் இஷ்டம்.

நவராத்திரி முடிந்த வாரத்தில் உன் சித்தப்பா சுப்பராமன் சேரன்மகாதேவியிலிருந்து பஸ்ஸில் வந்து வாசற்படியிலேயே நின்றுகொண்டு ஒரு மூடி போட்ட கூடையை நீட்டினான், உள்ளே பூனைக்குட்டி. நான் உயிரோடு இருக்கும்போதே என் இடத்தில் உட்கார்ந்து உன்னைத் தாரை வார்த்துக் கொடுத்தவன், அதற்குப் பிறகு அன்றைக்குத்தான் இந்தத் தெருவில் கால் வைத்தான். அண்ணா, கோமுவுக்குப் பின்னங்கால் இழுக்கிறதாமே, துணைக்கு இதை வெச்சுக்கோ என்றான். நம் பூனை கோமுவுக்குக் கால் இழுக்க ஆரம்பித்தது ஆவணியில், அது எனக்கும் உன் அம்மாவுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது, உன் அம்மா கடிதம் எழுதுவது உனக்கு மட்டும். அப்படியென்றால் இந்தக் குட்டி யாருடைய யோசனை? முதலில் குட்டியை அனுப்பி இந்த ஆள் இளகுகிறானா என்று பார்ப்போம், பிறகு மாப்பிள்ளையை அழைத்துப் போவோம் என்று நீங்கள் இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டீர்களா? இல்லை என்று நீ எழுதினாலும் நான் நம்பப் போவதில்லை.

இருந்தாலும் வந்த ஜீவனைத் தெருவில் விடவில்லை. சாமான் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். நீ காலேஜில் படிக்கும்போது மடியில் கட்டிக்கொண்டு வந்த கோமு, ஒன்பது வருஷமாக இந்த வீட்டில் தனி ராஜ்யம் நடத்தியவள், கதவிடுக்கில் மூக்கை வைத்து மூன்று நாள் உறுமினாள், பாலைக்கூடத் தொடவில்லை. பால்காரி பேச்சித்தாய்தான் வழி சொன்னாள். சாமி, ஒண்ணுக்கொண்ணு மூஞ்சியக் காட்டாதிய, அது படுத்த சாக்க இதுக்குப் போடுங்க, இது படுத்தத அதுக்குப் போடுங்க, வாசம் ஒண்ணாயிட்டுன்னா பைய ஒட்டிக்கிடும் என்றாள். தினமும் சாக்கை மாற்றிப் போட்டவன் நான், உன் அம்மா இல்லை. கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு, இரண்டிலும் தயிர் சாதம். பத்து நாளில் கதவைத் திறந்தேன். தீபாவளிக்குள் இரண்டும் ஒரு முழ இடைவெளியில் என் நாற்காலிக்கு அடியில் தூங்கின. இதை யாராவது உனக்கு எழுதினார்களா?

தீபாவளிக்கு மறுநாள் காலையில் சூரிய கிரகணம். கிரகணம் விட்டதும் ஆற்றுக்குப் போய் ஸ்நானம் பண்ணிவிட்டு வந்தேன், வீட்டையும் கழுவிவிட்டாயிற்று. குட்டி வெளியூரிலிருந்து வந்தது, பூஜை உள்ளுக்குள் நுழைந்து நுழைந்து வருகிறது, அதற்கு மட்டும் தீட்டு இல்லையா என்று எனக்குத் தோன்றிற்று. கிணற்றடியில் வைத்து சீயக்காய் தேய்த்து நானே குளிப்பாட்டினேன். பூனைக்கு ஏது கிரகணத் தீட்டு என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள், நான் கேட்கவில்லை. துவட்டிக் கொண்டுவந்து கூடத்தில் விட்டேன். கோமு மோந்து பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த வாசம் அதன் மேல் இல்லை, யாரோ என்று நினைத்துவிட்டாள். நான் குனிவதற்குள் குட்டியின் காது கிழிந்துவிட்டது, பிரித்துவிடப் போன என் முழங்கையிலும் மூன்று கோடு. தம்பி கொண்டுவந்தது என்பதால்தானே இப்படிப் பண்ணினேள் என்று உன் அம்மா கேட்டாள். ஊர் அதையே பிடித்துக்கொண்டது, சுப்பராமன் உனக்கு எழுதிவிட்டான். நான் செய்தது தப்பு, வேண்டுமென்று செய்ததில்லை. இதை உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்போது மறுபடியும் முதலிலிருந்து. குட்டி சாமான் அறையில் இருக்கிறது, மஞ்சள் வைத்ததில் காது ஆறிவிட்டது, தினமும் சாக்கு மாற்றுகிறேன். நேற்று கதவிடுக்கில் கோமு உறுமவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தாள். அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல மாட்டேன், ஒரு தடவை அவசரப்பட்டது போதும்.

தை மாதம் வருவதென்றால் வா. வந்த அன்றைக்கே அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தி நமஸ்காரம் பண்ணச் சொல்லாதே. மாடி அறையைக் காலி பண்ணி வைக்கிறேன், இருக்கட்டும், சாப்பிடட்டும், ஆற்றுக்குப் போகட்டும். நான் நாலு நாள் பேசாமல் இருந்தால் கோபித்துக்கொண்டு ரயில் ஏறிவிட வேண்டாம். பூனையைச் சொல்லி என்னைக் கேலி பண்ணுவீர்கள், பண்ணுங்கள். சுப்பராமனை மட்டும் கூட்டி வராதே, ஒரே சமயத்தில் இரண்டு பேரைச் சமாளிக்க என்னால் ஆகாது. அங்கே பனிக்காலம் தொடங்கியிருக்கும், காதை மூடாமல் வெளியே போகாதே, சின்ன வயசிலிருந்தே உனக்குக் காதில்தான் கோளாறு. இரண்டு பேரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

கீழே கையெழுத்துப் போட்டால் அண்ணா இறங்கி வந்துவிட்டார் என்று சுப்பராமன் இதைச் சேரன்மகாதேவி முழுக்கப் படித்துக்காட்டுவான். அதனால் போடவில்லை. இப்படியே ஒட்டி, காலைத் தபாலில் சேர்க்கிறேன்.