மெசின் வாளை எடுப்பித்த மகனுக்கு

பன்வில றோட்டு,
சித்திரை பத்தாம் நாள்.

அன்புள்ள மகன் மயூரதனுக்கு,

நான் கண்ணில் புரை எடுப்பதற்காகக் கண்டி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தபோது, மரம் அறுக்கும் என்னுடைய மெசின் வாளை என்னிடம் ஒரு சொல் கேட்காமல் கொட்டிலில் இருந்து எடுப்பித்தது நீ. எடுத்துக்கொண்டு போனவர் உன் மச்சான் அனோஜன். கொட்டில் திறப்பு எந்த ஆணியில் தொங்குகிறது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவருடைய மனைவி, உன் தங்கை கஜாலினி. இதை முதலில் எழுதிவிட்டேன், இனி முறைப்படி நலம் விசாரிக்கிறேன். அங்கே கனடாவில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இருக்கவும் வேண்டும், ஏனென்றால் இந்தக் கடிதத்தை முழுவதும் வாசிக்க உடம்பில் தெம்பு வேண்டும். நான் நல்ல சுகம். வலது கண் இப்போது ஊசித் துவாரம் வரைக்கும் தெரிகிறது. வீட்டுக்கு வந்து அந்தக் கண்ணால் நான் தெளிவாகப் பார்த்த முதல் பொருள், கொட்டில் பலகையில் வாள் இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம். இத்தனை நல்ல ஒப்பரேசன் எல்லோருக்கும் கிடைக்காது.

தொலைபேசியில் சொல்லலாமே என்று கேட்பாய். நாலு தரம் சொன்னேன். வாள் என்ற சொல் வந்ததும் உன் பக்கத்தில் லைன் இழுக்கத் தொடங்குகிறது, அம்மா கிளியர் இல்லை, பிறகு எடுக்கிறன் என்கிறாய். கஜாலினியின் புது வேலையைப் பற்றிப் பேசினால் அதே லைன் அடுத்த அறையில் இருந்து பேசுவதுபோலக் கேட்கிறது. கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். காணியின் கீழ் எல்லையில் நிற்கும் அல்பீசியா மரத்தை உனக்கு நினைவிருக்கும். போன கார்த்திகை மழையில் அதன் மேல்பக்க வேர்கள் மண்ணோடு கிளம்பிவிட்டன. மரம் பள்ளத்துப் பக்கம் சாய்ந்து நிற்கிறது, மாதத்துக்கு மாதம் சாய்வு கூடுகிறது, நான் ஒரு கம்பி கட்டி அளந்து பார்த்துத்தான் சொல்கிறேன். சாய்ந்த பக்கத்தில் நேர் கீழே நம் கீழ்வீட்டு வேலாயியின் கூரை. பின்னேரம் இடி முழங்கினால் அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு மேட்டில் இருக்கும் தம்பி காளிமுத்து வீட்டுக்குப் போகிறாள், விடிந்ததும் திரும்பி வருகிறாள். அறுபத்தைந்து வயதில் சொந்த வீட்டில் இருந்துகொண்டு அகதி. நான் மன்னிப்புக் கேட்டேன். நீங்க ஏன் தாயி வெசனப்படுறீங்க, நான் பாட்டுக்குத் தம்பி வூட்டு அடுப்படியில படுத்துக்கிறேன், என்ன, அவன் கொறட்டைதான் தாங்க முடியல என்கிறாள். மரம் என்னுடையது, குறட்டை அவளுக்கு. வைகாசியில் பெரிய மழை பிடிக்கும் முன் அது விழுத்தப்பட வேண்டும்.

நீ சும்மா இருக்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். பற்றரியில் ஓடும் மஞ்சள் வாள் ஒன்றை அங்கிருந்து பெட்டியில் போட்டு அனுப்பினாய். பாரம் இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை, அம்மாவுக்கு ஏற்ற சாமான் என்று குரல் பதிவும் அனுப்பினாய். உண்மைதான், சத்தம் ஒன்றும் இல்லை. அனோஜன் வங்கியில் இருந்து அரைநாள் லீவு போட்டு வந்து, பெட்டியைப் பிரித்து, உனக்கு அனுப்ப வீடியோவும் எடுத்தபடி சார்ஜரைச் சுவரில் குத்தினார். டப் என்று ஒரு சொடுக்கு, பிறகு பிளாஸ்ரிக் எரிந்த மணம். அந்த வீடியோ உனக்கு வரவில்லை என்று நினைக்கிறேன். அடுத்த நாள் பஸ் ஏறி அக்குறணைக்குப் போய், மெசின் திருத்தும் அரூஸ் நானாவின் கடையில் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிச் சார்ஜரின் அடிப்பக்கத்தை வாசித்துவிட்டு, அக்கா, இது மௌத்தாகிட்டு, இதுல நூற்றிருபது எண்டு அடிச்சிரிக்கி, நம்மட கரண்டு எரநூற்றி முப்பது, மகன் இஞ்சினியர்தானே என்று கேட்டார். ஓம், இஞ்சினியர்தான் என்றேன். அவர் மரியாதையான மனிதர், உடனே தேத்தண்ணி வரவழைத்தார்.

உயிரோடு இருந்திருந்தாலும் அந்த வாள் கிளிசீரியா வேலி வெட்டத்தான் சரி. அதற்கு நல்ல சாமான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றரை முழக் குறுக்களவு உள்ள, சாய்ந்து நிற்கும் மரத்தை அடிப்பக்கத்தில் அறுக்கும்போது பாதியில் பற்றரி முடிந்தால், மரம் நாங்கள் சார்ஜ் ஏற்றி வரும்வரை காத்திருக்காது. என்னுடைய பெற்றோல் வாளை நான் கடைக்காரர் சொல்லி வாங்கவில்லை. அவர், சங்கிலி சுற்றி ஓடும் தகடு இருபத்திரண்டு அங்குலம் உள்ள வாளை எடுத்து மேசையில் வைத்தார், பெரிது என்றால் நல்லது என்று நினைக்கும் ஆள். நான் கடையிலேயே இரண்டையும் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன், பதினாறு அங்குலத்தைத்தான் கை நடுங்காமல் பிடிக்க முடிந்தது. சரிவில் நின்று அறுக்கிறவருக்குக் கை நடுங்கக்கூடாது, மரம் தடிப்பு என்றால் இரண்டு பக்கத்தால் அறுக்கலாம். கூட வந்த புத்தகம் ஆங்கிலத்தில். உன் அப்பாவின் அகராதியை வைத்துக்கொண்டு மூன்று மாதம் வாசித்தேன். எனக்கு யாரும் வகுப்பு நடத்தவில்லை, நானும் எவரையும் கேட்கவில்லை.

நீ ஏன் இந்த வேலை பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். மாசியில் கஜாலினி அனுப்பிய படத்தில் என் காலில் கட்டு இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது, ஒரு பலாக் கொப்பை அறுத்து முடித்த அவசரத்தில், சங்கிலி ஓடி நிற்க முன் வாளைக் கீழே இறக்கினேன். முழங்காலுக்குக் கீழே மூன்று தையல். பிழை என்னுடையது, வாளின்மேல் பிழை இல்லை. இதை எழுத எனக்கு விருப்பமில்லை, எழுதாவிட்டால் நீ அதையே பிடித்துத் தொங்குவாய். போன தையில் நீ உன் வீட்டு வாசலில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்தாய். நான் ஆள் அனுப்பி உன்னுடைய சப்பாத்தை எடுப்பித்தேனா. கவனமாக நட என்று சொல்லி, கைக்கு என்ன எண்ணெய் பூசுவது என்றும் சொன்னேன். அதுபோல நீயும் மரம் அறுக்கிறவர்கள் போடும் தடித்த காற்சட்டை ஒன்று அனுப்பியிருக்கலாம், வாள் பட்டாலும் உள்ளே இருக்கும் நூல் சங்கிலியைச் சுற்றிப் பிடித்து நிறுத்தும் காற்சட்டை. அதற்குச் சார்ஜரும் தேவையில்லை.

இப்போது என் வாள் எங்கே இருக்கிறது என்று கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். குண்டசாலையில் மருமகனின் வீட்டில், அலுமாரிக்குப் பின்னால், தாங்கியில் பெற்றோலோடு நிற்கிறது. இரண்டு மாதம் பெற்றோலை அப்படியே விட்டால் காபரேற்றர் பிசின் பிடித்துப்போகும், அடுக்கி வைக்கும் முன் தாங்கியை வெறுமையாக்க வேண்டும் என்று குழந்தைக்கும் தெரியும், வங்கியில் சொல்லிக்கொடுப்பதில்லை போலும். அதோடு நிற்கவில்லை. பங்குனியில் அவருடைய வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் ஒரு கொப்பு முறிந்து விழுந்தபோது, ஆபத்தான சாமான் என்று என்னிடம் இருந்து எடுத்த அதே வாளை அவர் வெளியே எடுத்தார். கழன்றிருந்த சங்கிலியை மறுபக்கமாக மாட்டினார், பற்கள் எல்லாம் பின்பக்கம் பார்த்தபடி. அரைமணித்தியாலம் முக்கி இயக்கி, கொப்பில் வைத்து அழுத்தினால் ஒரே புகை. தூள் பறக்கவில்லை, கரிதான் வந்தது, தகடு சூட்டில் நீலம் பாரித்துவிட்டது. ஒழுங்கையில் நின்றவர்கள் சேர்ந்து கொப்பைக் கையால் இழுத்துப் போட்டார்களாம். இவர் கஜாலினியிடம், உங்கட அம்மாவின்ர வாள் மொட்டை, இதை வைச்சுக்கொண்டா அவ இவ்வளவு காலமும் மரம் அறுத்தவ என்று சொன்னாராம். அவள் அதை எனக்குச் சொல்லிவிட்டுச் சிரித்தாள், அதற்காக அவளைப் பாதி மன்னித்திருக்கிறேன். மெசின் வாள் வைத்திருக்கச் சட்டப்படி பதிவு வேண்டும், அந்தப் பதிவு என் பெயரில், பதிவுத் துண்டு என் அலுமாரியில், வாள் அவருடைய அலுமாரிக்குப் பின்னால். ஒழுங்கையால் பொலிஸ் வந்து கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று அவரையே கேட்டுப் பார்.

மரத்துக்கு அவர் கண்டுபிடித்த வழியையும் கேள். ஒரு லொறிக்காரரைக் கூட்டி வந்தார். அந்த மனிதர் அல்பீசியாவை ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டு நேரே நம் சரிவில் நிற்கும் எட்டு மஹோகனி மரங்களிடம் போய் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார். சாய்ந்த மரத்தைச் சும்மா விழுத்தித் தருவாராம், கூலியாக அந்த எட்டு மஹோகனியை எடுத்துக்கொள்வாராம். அனோஜன் என்னைப் பார்த்து, மாமி, நல்ல பேரம்தானே என்றார். உன் அப்பா அந்தச் சரிவில் நெருக்கி நட்ட கன்றுகளில் எதை விடுவது என்று பதினைந்து வருடத்துக்கு முன் நான் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்துச் சிவப்புப் பெயின்ற் பூசி, கோணலானதையும் கவட்டை விட்டதையும் வெட்டி விலக்கினேன். அப்போது நீயும் அம்மா காட்டை அழிக்கிறா என்று சொன்னவன்தான். விலக்கியதால்தான் மிஞ்சினவை இன்றைக்குக் கட்டிப்பிடிக்க முடியாமல் நிற்கின்றன. கார்த்திகையில் பக்கத்துக் காணி மண் றோட்டுக்கு வந்தபோது நம்முடைய மண் வராமல் பிடித்ததும் அவைதான். அவற்றை எடுத்தால் வேலாயிக்கு மரத்துக்குப் பதில் மலையே வந்து சேரும். லொறிக்காரரைத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன், மருமகனுக்குத் தேத்தண்ணி கொடுக்கவில்லை.

கோடாலியால் முடியாதா என்று காளிமுத்துவைக் கேட்டேன். வாள் இருந்தா ஒரு காலப்பொழுது வேலைங்கம்மா, கோடாலின்னா மூணு நாளு, மூணு நாளு அந்த மரத்தடியில நிக்கிறதுக்கு எம் பொஞ்சாதி என்னைய விடமாட்டா என்றார். அவர் இருபது வருடமாக என்னோடு கயிறு பிடிக்கிறவர், அவருடைய பயத்தை நான் மதிக்கிறேன். வெட்டும் முறையை இருவரும் பேசி முடித்துவிட்டோம். முதலில் அவர் ஏறிப் பள்ளத்துப் பக்கக் கொப்புகளைக் கைவாளால் கழித்துத் தலைப் பாரத்தைக் குறைப்பார், பிறகு மேட்டில் உள்ள இரண்டு பலாவில் கயிறு கட்டி இழுத்து, மரத்தைச் சரிவுக்குக் குறுக்காக, வெறும் நிலத்தில் விழுத்துவோம். கிராம சேவகரிடமும் சொல்லியாயிற்று. பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொன்ன மாதமும் முடிந்துவிட்டது. குறைவது ஒரு வாள் மட்டும்.

கொலஸ்ரோல் குளிசையை விடாமல் போடு, கடைச் சாப்பாட்டைக் குறை. முருகன் உன்னை எந்த நாளும் காக்கட்டும், உனக்குக் கொஞ்சம் புத்தியையும் சேர்த்துத் தரட்டும். இனி நடக்க வேண்டியதை எழுதுகிறேன், இதில் பேச்சுக்கு இடமில்லை. வருகிற சனிக்கிழமை காலை அனோஜன் வாளை, தகட்டோடும் அவர் கருக்கிய சங்கிலியோடும், தன் கையால் கொண்டுவந்து எடுத்த பலகையில் வைக்க வேண்டும். கஜாலினி கொட்டில் திறப்பை மறந்துவிட வேண்டும், ஆணியை நான் மாற்றிவிட்டேன். திங்கட்கிழமை நான் வாளை அக்குறணைக்குக் கொண்டுபோவேன், அரூஸ் நானா காபரேற்றரைக் கழுவி, புதுத் தகடும் புதுச் சங்கிலியும் போட்டுத் தருவார், பற்கள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நீ அந்தக் காற்சட்டையை அனுப்ப வேண்டும், என் இடுப்பளவைக் கஜாலினியிடம் கேட்காதே, என்னிடம் கேள். காற்சட்டை வந்த மறுநாள் காலை, மழை இல்லாவிட்டால், காளிமுத்து கயிற்றைக் கட்டுவார், அனோஜன் அரைநாள் லீவு போட்டு வந்து கயிற்றின் கடைசி நுனியை, மரத்துக்கு மிகத் தூரத்தில் நின்று பிடிப்பார், நான் அறுப்பேன். நீ விரும்பினால் தொலைபேசியில் பார்க்கலாம், வாயைத் திறக்கக்கூடாது. வேலாயி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, அன்று பின்னேரம் தம்பி வீட்டில் இருந்து பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து தன் வீட்டில் விரிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாளைத் தவிர மற்ற எல்லாம் நலமாக உள்ள உன் அம்மா,
சத்தியபாமா சோதிலிங்கம்