நான் லின்டலைத் தொடவே இல்லை

அக்டோபர் 23, ஞாயிறு

அன்பு மகள் லோர்னாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தனித்தனியே நலம். நியூசிலாந்தில் நீயும் மருமகனும் குட்டிப் பெண்ணும் ஒரே கூரையின் கீழ் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கூரை என்று எழுதும்போதே நிமிர்ந்து ஒருமுறை மேலே பார்த்துக்கொள்கிறேன். வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நீ தொலைபேசியில் கூப்பிட்ட மூன்று ஞாயிறும் அம்மா குளிக்கிறாள் என்று சொன்னேன். மூன்று வாரமாக யாரும் குளிப்பதில்லை என்று உனக்கே தோன்றியிருக்கும். அவள் டோரீன் சித்தி வீட்டில் இருக்கிறாள்.

எல்லாம் முன்னறைக் கணப்படுப்பால் வந்த வினை. கிறிஸ்துமஸுக்குக் குழந்தையோடு வருகிறாய் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பேத்தி முதன்முதலாக வரும்போது தபால்பெட்டி அளவு ஓட்டையில் நாலு கரித்துண்டு புகைந்தால் நன்றாகவா இருக்கும்? என் கூட்டாளி சிட் வேறு மதுக்கடையில் உசுப்பேற்றிவிட்டான். அவன் வீட்டில் திறப்பை அகலமாக்கி, முழு மரக்கட்டையையே உள்ளே போடுகிறானாம். "நீயெல்லாம் எங்க வில்ஃப், ஒரு ஆணி அடிக்கவே பொண்டாட்டிகிட்ட அனுமதி வாங்குற ஆளு" என்றான், எல்லார் முன்னாலும். அன்று வியாழன். சனிக்கிழமை உன் அம்மா கடைக்குப் போனதும் உளியை எடுத்துவிட்டேன். நான் அவ்வளவு முட்டாளில்லை, லோர்னா. திறப்புக்கு மேலே குறுக்கே கிடக்கிற கல் லின்டல்தான் புகைபோக்கியைத் தாங்குகிறது என்று எனக்குத் தெரியும், அதனால் அதை விரலால்கூடத் தொடவில்லை. பக்கவாட்டுச் செங்கலைத்தான் வரிசை வரிசையாக உருவினேன், இடப்பக்கம் ஐந்து அங்குலம், வலப்பக்கம் ஐந்து. அருமையாக வந்தது. டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டேன். அந்த டீ ஆறுவதற்குள் மாடியில் துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் உன் பழைய அறைச் சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல், என் கட்டைவிரல் போகிற அகலம். அம்மா வந்து பார்த்தாள். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இந்த வீடு ஒழுங்கா நிக்குதுன்னு யாராவது படிச்சவங்க சொல்லட்டும், அப்புறம் வர்றேன். நீ சொல்லி வரமாட்டேன்" என்று பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை படித்தவள் வந்தாள், இன்ஜினியர், உன் வயதுதான் இருக்கும். குனிந்தாள், டார்ச் அடித்தாள், உச்சுக் கொட்டினாள். லின்டலைத் தொடவே இல்லை என்று நான் பெருமையாகச் சொன்னேன். "லின்டல் நல்லாத்தான் இருக்கு சார். அது நிக்கிற காலைத்தான் ரெண்டு பக்கமும் வெட்டிட்டீங்க" என்றாள். அந்தக் கல் இரு முனையிலும் ஆறு அங்குலமாவது செங்கல்மேல் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். இப்போது ஒரே அங்குலத்தில் தொற்றிக்கொண்டிருக்கிறது. அதற்குமேல் மாடிச் சுவர், பரண், கூரைக்கு மேலே புகைக்கூண்டு என்று நாலு டன் பாரம். அகலப்படுத்த நினைப்பவன் முதலில் மேற்சுவருக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், பிறகு நீளமான புது லின்டல் வைக்க வேண்டும், அது இறுகியபிறகுதான் கீழே ஒரு செங்கல்லை எடுக்க வேண்டுமாம். நான் கடைசியில் செய்ய வேண்டியதை மட்டும் முதலில் செய்திருக்கிறேன். இப்போது முன்னறையில் நாலு இரும்பு முட்டு நிற்கிறது, மாடிக்குப் போகக்கூடாது என்று உத்தரவு, நான் சமையலறையில் படுக்கிறேன்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். ஆனால் புகைபோக்கி நமக்கு மட்டுமா சொந்தம்? பக்கத்து வீட்டு எட்னா ஆன்ட்டியின் புகையும் அதே கூண்டு வழியாகத்தான் போகிறது. எண்பத்தொரு வயதில் அவரையும் வெளியேறச் சொல்லிவிட்டார்கள். அவரிடம் நான் வேலிக்கு மேலாக, கொஞ்சம் தூசி பறக்கும் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். தன் அண்ணன் மகனின் வண்டியில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ தட்டத் தட்ட என் டீயில சுவத்துப் பூச்சு உதிர்ந்துச்சு கண்ணு. நிறுத்துன்னு சொன்னா உன் மனசு கோணுமேன்னு இருந்துட்டேன், மன்னிச்சுக்க" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கொத்தனார் ஜனவரியில்தான் வருவார், புகைபோக்கி முழுவதையும் இறக்க வேண்டியிருக்குமா என்பதை அதற்குப் பிறகுதான் சொல்வாராம். அதனால் மகளே, எந்த அப்பனும் எழுதக்கூடாததை எழுதுகிறேன்: குழந்தையை வீட்டுக்குக் கூட்டிவராதே, டோரீன் வீட்டுக்கே போ. நான் அங்கே வந்து பார்த்துக்கொள்கிறேன், உள்ளே விட்டால். உன் அம்மாவைத் தினமும் கூப்பிடுகிறேன். குளிக்கிறாள் என்கிறாள் டோரீன்.

மருமகன் எந்தச் சுவரையாவது தட்டிப் பார்த்துத் தலையாட்டினால் சுத்தியலைப் பிடுங்கி ஒளித்துவை. குழந்தைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். நீங்கள் மூவரும் நிமிர்ந்த சுவர்களுக்கு நடுவே நீடூழி வாழ வேண்டும். உன் அம்மாவுக்குப் போன் செய்ய மறக்காதே, எனக்காக ஒரு வார்த்தை பேசு.

இப்படிக்கு,
முட்டுக் கொடுத்து நிற்கும் உன் அப்பா,
வில்ஃப்

பி.கு.: அந்த முன்னறையில் நானும் உன் அம்மாவும் கடைசியாக உட்கார்ந்தது உன் கல்யாணத்தன்று. மற்றபடி நாங்கள் எப்போதும் சமையலறையில்தான், கேஸ் ஹீட்டர் பக்கத்தில்.