பாதி இறக்கிய ஷட்டர்

1993 நவம்பர் 1, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். கடை முன்னால் தார்ப்பாய் கட்டியாச்சு. மழையிலும் ஆள் வரத்து. ஃபாக்டரியில் போனஸ் போட்டுவிட்டார்கள். குவார்ட்டர்ஸ் பெண்கள் கும்பலாக வந்து ஒரே தூக்குவாளியை ஆளாளுக்குத் தட்டிப் பார்த்துவிட்டு, வாங்காமல் போகிறார்கள். நாளைக்கு வந்து வாங்குவார்கள். அதே குவார்ட்டர்ஸில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, பழைய பட்டுப்புடவைக்கு எவர்சில்வர் கொடுத்துத் திரிந்தவன் நான். அவர்கள் தட்டுவதை வைத்தே சொல்லிவிடுவேன்.

பாத்திரத்தில் பேர் வெட்டுகிற மெஷின் மக்கர். கரண்ட் ஏறி இறங்குகிறது. உளியும் சுத்தியும் எடுத்து நானே வெட்டினேன். கை மறக்கவில்லை.

மதியம் மார்ட்டின் வந்தான். இருபத்தைந்து வயசு இருந்தால் அதிகம். ரயில்வே ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை எது நடந்தாலும் இப்போது இவனைக் கேட்டுத்தான். ஒரு கூஜா வேண்டுமாம். அம்மா ஆஸ்பத்திரியில். கஞ்சி கொண்டுபோக.

அம்மா ஸ்டெல்லா. ஸ்டேஷன் வாசலில் இட்லி வண்டி. புருஷன் ஃபாக்டரியில் இருந்தவர், போனதும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணி, பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் குடிசை. இந்த ரோட்டில் அந்த அம்மாவிடம் இட்லி சாப்பிடாத கடைக்காரன் கிடையாது. மகன் ஆம்னி வேனில் போக ஆரம்பித்த பிறகும் வண்டியை விடவில்லை.

"பேரு போடணுமா தம்பி?"

"போடு அண்ணாச்சி. அம்மா பேரு. என் பேரு வாணாம்."

ஸ்டூல் போட்டேன், உட்காரவில்லை. நான் வெட்டி முடிக்கிற வரை நின்றான். கடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். அவன் அதைக் கவனித்தான். அது அவனுக்குப் பிடித்திருந்தது என்று தோன்றியது.

காசு நீட்டினான். வாங்கிக்கொண்டேன். பக்கத்துக் கடை வரதன் என்றால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பியிருப்பார். இந்த மாதிரி ஆளுக்கு ஒரு தடவை சும்மா கொடுத்தால் அப்புறம் எல்லாமே சும்மாதான்.

நவம்பர் 3, புதன்

மழை இல்லை. புழுக்கம். ஏரி ரொம்பிவிட்டது என்றார்கள்.

பாரிமுனை போகும்போது: முறுக்குக் குழல், இட்லிக் குண்டான் (சின்னது), பேப்பர், சணல். வீட்டில் கனகத்துக்கு மூட்டுவலித் தைலம். மறக்கக் கூடாது, போன தடவை மறந்து பட்டது போதும்.

சைக்கிள் கடை முனுசாமியின் அப்பா தவறிவிட்டார். பதினோரு மணிக்கு ரோட்டில் பாடி வந்தது. வழக்கம்போல எல்லாக் கடையிலும் ஷட்டர் பாதி, லைட் ஆஃப், செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றோம். கடந்து போனதும் ஷட்டரைத் தூக்கி மறுபடி வியாபாரம். இதை யார் ஆரம்பித்தது என்று தெரியாது. நான் கடை போட்டபோது யாரும் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் இறக்கினார்கள், நானும் இறக்கினேன். ஏழை, பணக்காரன், என்ன சாமி என்பதெல்லாம் இல்லை. உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு அம்மா குழம்புச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் தெரியும்.

அப்படியே வரதனோடு நின்று பேச்சு. ஜவுளிக் கடை, சங்கத் தலைவர். இப்போதெல்லாம் மார்ட்டின் பேச்சுதான். முதலில் அவன் பிடித்தது ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டு. அதைக் குத்தகை எடுத்திருந்தவர் இப்போது பூந்தமல்லியில் மச்சினன் வீட்டில். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க வராது. அடுத்து பழ வண்டிகள். அதற்கடுத்து மூலை காலி மனை. அதற்கு ரெண்டு பேர் சொந்தம் கொண்டாடிக் கோர்ட்டுக்கு நடந்தார்கள், இப்போது மூணாவதாக இவன் போர்டு.

"சத்தமே போடறது இல்ல அண்ணாச்சி. வந்து நிப்பான். அவ்ளோதான்."

வரதன் சொல்லும்போது பாதி பயம், பாதி தன் பிள்ளை பாஸ் பண்ணியதைச் சொல்கிற மாதிரி. அதுதான் எனக்கு உறுத்தியது.

நவம்பர் 5, வெள்ளி

ஸ்டெல்லா காலையில் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலேயே. கேட்டதும் மனசு கஷ்டமாக இருந்தது. கூடையோடு திரிந்த காலத்தில் எத்தனை நாள் அந்த வண்டிதான் எனக்குச் சாப்பாடு. சட்னி கேட்டால் கொட்டுமே தவிர ஊற்றாது.

பத்து மணிக்கு மார்ட்டினிடம் இருக்கிற கோழி பாபு வந்தான். வாசலிலேயே நின்று, ரோடு முழுக்கக் கேட்கிற மாதிரி:

"நாளிக்கி எட்த்துகினு போறோம். காலீலேர்ந்து ஒரு கட தொறக்கக் கூடாது. அண்ணன் சொல்லிச்சி."

நாளைக்குச் சனிக்கிழமை. தீபாவளிக்கு முந்தின கடைசிச் சனி, ஞாயிறு. பெரிய தலைவர்கள் செத்தால்தான் இந்த ரோட்டில் முழு அடைப்பு.

"பாடி வரும்போது இறக்குவோமே தம்பி, எல்லாருக்கும் செய்றதுதானே."

"எல்லார்க்கும் செய்றத எங்க அண்ணனுக்கும் செய்வியா? இன்னா அண்ணாச்சி, சொம்பு வாங்க வந்தவன்னு நெனச்சியா?"

சாயங்காலம் வரதன் கடையில் துணி மூட்டைகளுக்கு நடுவில் சங்கக் கூட்டம். செருப்புக் கடை பாய் சொன்னார்: "அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லாமலே இறக்கியிருப்போமே. நான் மாலையே சொல்லி வச்சிருந்தேன்." எல்லோரும் தலையாட்டினார்கள். அதே தலைகள்தான் முழு அடைப்புக்கும் ஆடின. பாயும்தான்.

நான் திறப்பேன் என்றேன். பாடி வரும்போது பாதி இறக்குவேன்.

வரதன்: "நமக்கு எதுக்கு வம்பு? உங்களுக்கு ரெண்டு பொண்ணு அண்ணாச்சி."

நாளைக்கு அவன் சொல்லி அடைத்தால், அடுத்து அவன் ஆள் ஒருத்தன் செத்தாலும் அடைக்கணும். அவன் பிறந்தநாளுக்கும் அடைக்கணும். அதற்கப்புறம் சாவி யார் கையில் இருந்தால் என்ன. இதைச் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை.

வீட்டில் கனகம்: "சாவு வீட்டோட என்னங்க வீம்பு?"

"சாவு வீட்டோட இல்ல."

"அது அவனுக்கு எப்படித் தெரியும்?"

சரியான கேள்வி.

நவம்பர் 6, சனி

திறந்தேன்.

ரோடு முழுக்க இறங்கின ஷட்டர். என் கடை மட்டும் பல் விழுந்த இடம் மாதிரி. கடைப் பையன்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போனஸ் கையோடு வந்தவர்கள் முனையிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். போணியே இல்லை. நான் வியாபாரத்துக்காகத் திறக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் யாராவது வந்தால் விற்றிருப்பேன். அதுவும் உண்மை.

கோழி பாபு ரெண்டு தடவை பைக்கில் போனான். நிறுத்தவில்லை. சிரித்தான்.

நாலு மணிக்குப் பேண்டு சத்தம். முன்னால் சிலுவை, பின்னால் ஃபாதர், அப்புறம் பெட்டி. ஷட்டரைப் பாதி இறக்கினேன். லைட்டை அணைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றேன். தூறல் ஆரம்பித்திருந்தது.

அப்போதுதான் புரிந்தது. ரோட்டில் வேறு ஆளே இல்லை. அடைத்தவர்கள் எல்லாம் வீட்டில். அந்த அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஒருத்தனும் வாசலில் நிற்கவில்லை. நிற்க வாசல் திறந்திருக்க வேண்டுமே. பாய் சொல்லிவைத்த மாலை எங்கே போனதோ. ஈரத் தகரத்துக்கு நடுவில், இவன் ஆட்கள் மட்டும் பெட்டியைச் சுற்றி நடந்தார்கள். பேண்டுச் சத்தம் ஷட்டர்களில் மோதித் திரும்பி வந்தது.

மார்ட்டின் பெட்டியின் வலது பக்கம். ரெண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தான், எதையோ தேடுகிற மாதிரி. என் கடை வந்ததும் என்னைப் பார்த்தான். என் காலைப் பார்த்தான். நடந்துபோனான்.

நவம்பர் 7, ஞாயிறு

இன்றைக்கு எல்லோரும் திறந்தார்கள். நல்ல கூட்டம், எனக்கும்தான். ஆனால் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் யாரும் என்னோடு பேசவில்லை. டீ கொண்டுவருகிறவன்கூட டம்ளரை வைத்துவிட்டு ஓடினான். பெண்கள் ரெண்டு பேரையும் திருமுல்லைவாயிலில் மைத்துனன் வீட்டுக்கு அனுப்பினேன். தீபாவளிக்குத் துணி எடுக்க என்று சொல்லி. பெரியவள் நம்பவில்லை.

மெஷினைச் சரி பண்ணியாச்சு. சுருள் கம்பி தேய்மானம்.

நவம்பர் 8, திங்கள்

வந்தான். காலையில், கடை திறந்த கையோடு. தனியாக. தாடி. கையில் அந்தக் கூஜா.

இன்றைக்கு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"யாருக்காவ தொறந்த அண்ணாச்சி?"

"தொறந்தது எனக்காக. பாதி இறக்குனது உங்கம்மாவுக்காக."

"மத்தவங்க முழுசா சாத்துனாங்க."

"அது உனக்காக."

வாயிலிருந்து வந்துவிட்டது. அவன் கூஜா மூடியைத் திருகுவதும் திறப்பதுமாக இருந்தான்.

"நான் ஒண்ணியும் சொல்லாம இருந்திருந்தா வந்து நின்னுருப்பாங்களா? எல்லாரும்?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"எல்லாரும். பாய் மாலை சொல்லி வச்சிருந்தாரு."

தலையைக் குனிந்துகொண்டான். ரோட்டில் தண்ணி லாரி ஹாரன். அழுவான் என்று நினைத்தேன். அழவில்லை. நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. கணக்குப் போட்டு முடித்த முகம். எனக்குத் தெரியும் அந்த முகம். கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

"உன்ன சும்மா உட்டா நாளிக்கி ரோடே என்ன மதிக்காது. நீ யாவாரி. உனக்குத் தெரியாததா."

"தெரியும்."

"கண்ணாடிய ஒடைக்கலாம். பசங்க அத்தான் கேட்டுகினு கீறானுங்க. அம்மாவுக்கு நின்னவன் கடைல ஒடைக்க எனுக்கு இஷ்டம் இல்ல." எழுந்து போய், ஷட்டரை இழுக்கிற கொக்கியை எடுத்து என் கையில் கொடுத்தான். "தீவாளி வரிக்கும் இப்டியே வெச்சிக்க. அன்னிக்கி வெச்சல்ல, அதே பாதி. அம்மாவுக்குன்னு சொன்னல்ல."

வருஷத்தில் இந்த அஞ்சு நாள்தான் எங்களுக்கு வருஷம். பாதி ஷட்டர் என்றால் சாவு. எவன் உள்ளே வருவான்?

முடியாது என்று சொல்ல வழி இல்லை. நான் எடுத்துக் கொடுத்த நூலிலேயே என்னைக் கட்டினான். உடைத்திருந்தால் நான் போலீஸுக்குப் போகலாம், சங்கத்துக்குப் போகலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது, துக்கத்துக்கு ஷட்டர் இறக்கச் சொன்னான் என்றா? நியாயமாகப் பார்த்தால் இவன் மூளைக்கு என் கடையில் வேலை கொடுத்திருப்பேன். ஒரு வருஷத்தில் கடை அவனுடையதாகியிருக்கும்.

இறக்கினேன்.

நவம்பர் 10, புதன்

கனகத்திடம் தைலம் கொடுத்தாச்சு.

குனிந்து வருகிறார்கள். நான் எதிர்பார்க்கவில்லை. குவார்ட்டர்ஸ் பெண்கள்தான். ஒருத்தி தலை நீட்டி, "இன்னா அண்ணாச்சி, யாரு?" என்றாள். "இட்லிக்காரம்மா" என்றேன். "அய்யோ, நாங்க வந்து நிக்கவே இல்லியே" என்று குனிந்து உள்ளே வந்து, ஒரு சொம்பு வாங்கினாள். அப்புறம் ரெண்டு பேர். பாதி வியாபாரம் இருக்கும். மோசமில்லை.

ரோட்டில் இது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். நிமிர்ந்து யாரும் பார்ப்பதில்லை. வரதன் மட்டும் குனிந்து தலையை நீட்டினார். தீபாவளி முடிந்ததும் மார்ட்டினைச் சங்கத்துக்குக் கௌரவத் தலைவராகப் போடலாம் என்று யோசனையாம். "நமக்கும் ஒரு பாதுகாப்பு." அவன் கேட்டானா என்றேன். கேட்கவில்லையாம். இவர்களாகவே.

அவன் இனிமேல் எதையும் கேட்கப்போவதில்லை. சனிக்கிழமை ரோட்டில் அவன் கற்றது அதுதான்.

நவம்பர் 12, வெள்ளி

நாளைக்குத் தீபாவளி. மழை விட்டு விட்டு. தெருவில் வெடி.

ஆறு மணிக்கு மார்ட்டின் வந்தான். அந்த உயரத்துக்கு நன்றாகவே குனிய வேண்டியிருந்தது. அம்மா முப்பதாம் நாளுக்குத் தட்டு வேண்டுமாம், 'ஸ்டெல்லா நினைவாக' என்று பேர் வெட்டி, ரோட்டில் எல்லாக் கடைக்கும் ஒவ்வொன்று. எழுதிக்கொண்டேன்.

போகாமல் ஸ்டூலில் உட்கார்ந்து வெளியே பார்த்தான். பாதி ஷட்டருக்குக் கீழே கால்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

"சின்னதுல வண்டிக்கு அடியில குந்திகினு இருப்பேன் அண்ணாச்சி. மழ வந்தா அங்கதான். இதே மாரி காலுங்களா போவும். காலப் பாத்தே யார்னு சொல்லுவேன், அம்மா சிரிக்கும்." கொஞ்சம் பொறுத்து, வெளியே கையைக் காட்டி: "அது வரதன்."

வரதன்தான்.

எழுந்தான். நான் கொக்கியை எடுத்தேன். "தீபாவளி வந்தாச்சு. தூக்கிடவா தம்பி?"

"உன் கட அண்ணாச்சி. என்னை ஏன் கேக்கற."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். குனிந்து வெளியே போய்விட்டான். ரோட்டில் நல்ல கூட்டம், இன்னும் ரெண்டு மணி நேரம் வியாபாரம் இருந்தது. கொக்கி கையிலேயே இருந்தது. தூக்கவில்லை.

கனகம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து குனிந்து பார்த்தாள்.

"யாரு இறக்கச் சொன்னா இன்னைக்கு?"

யாரும் சொல்லவில்லை.